கனடாவுல நெட்டு விலை

“ஏன் தம்பி, கனடாவுல வீட்டு நெட்டுக்கு மாசம் அஞ்சாயிரமாமே, நெசந்தானா?”

கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கோட்டைச்சாமி இப்படிக் கேட்டதும் ஆனந்தகுமாருக்கு வியர்த்துவிட்டது. அருப்புக்கோட்டையில் வீடுகளுக்கு நெட் இணைப்புக் கொடுக்கிற கடை அவனுடையது. கோட்டைச்சாமியின் மகன் மருதுபாண்டி அவனோடு ஒன்றாகப் படித்தவன். ஏஜெண்டிடம் பணம் கட்டி, கனடாவில் வேலை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு கிளம்பி ஆறு மாதம் ஆகிறது.

“நெசந்தான்யா. அங்கெல்லாம் நெட்டு யானை விலை. நம்மூருதான் மலிவு, ஐநூறு ரூவாய்க்கு மாசம் பூரா ஓடும்.”

“அதான் வீடியோவுல வரமாட்டேங்கிறான் போல. பேச்சு மட்டுந்தான். அதுவும் ரெண்டு நிமிசத்துல ‘நெட்டுக்குக் காசாகுதுப்பா’ன்னு வச்சிர்றான். புள்ள மொகத்தப் பாக்காம அவன் ஆத்தா சரியாச் சாப்பிடுறதே இல்ல தம்பி.”

ஆனந்தகுமார் எழுந்தான், உட்கார்ந்தான், ஓடுகிற ஃபேனை இன்னும் கூட்டி வைத்தான். இந்த மனிதர் சட்டுபுட்டென்று கிளம்பினால் தேவலை என்றிருந்தது.

“இங்கிட்டிருந்து நாங்க போட்டா அவனுக்குக் காசு போகாதுல்ல?”

“அப்படியில்லய்யா. யாரு போட்டாலும் அவன் பக்கமும் நெட்டு வேணும்.”

“அப்பச் சரி. ரெண்டு கெடாவ வித்துப்புடுறேன். அந்தக் காசக் கனடாவுக்குக் கட்டி, நீயே அவனுக்கு நெட்டு போட்டுக் குடுத்துரு.”

“ஐயய்யோ, அதெல்லாம் வேணாம்யா!” ஆனந்தகுமார் கத்தியே விட்டான். “அவன் சம்பாதிக்கிறான்ல, அவனே போட்டுக்கிருவான். நீங்க கெளம்புங்க, திருச்சுழி பஸ்ஸு வர்ற நேரம்.”

“என்னப்பா, ஒரு டீ கூட வாங்கித் தராம வெரட்டுற?”

கோட்டைச்சாமி நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தார். டீக்கடைப் பையன் கண்ணில் படுகிறானா என்று ஆனந்தகுமார் வாசலை எட்டிப் பார்த்தான். டீ குடித்தால் போய்விடுவார் என்றால் ஒன்றுக்கு நாலாக வாங்கித் தரலாமே!

“நெட்டு விலை கெடக்கட்டும் தம்பி.” அவர் குரல் தாழ்ந்தது. “நேத்துச் சாயந்தரம் போனப் போட்டுப் பதறுறான். ‘அப்பா, மேக்க இருட்டிக்கிட்டு வருது, களத்துல காயுற வத்தல அள்ளுங்க’ங்கிறான். சொன்ன மாதிரியே அரை மணியில மழை. கனடாவுல நின்னா நம்ம ஊரு மேகம் தெரியுமாய்யா?”

ஆனந்தகுமாரின் பார்வை உள்ளறைக் கதவுக்குப் போய் மீண்டது.

“ஏசெண்டு ஏமாத்திட்டான்னா, அதுக்குப் பெத்தவுகளுக்குத் தெரியாம ஒளியணுமா? சொல்லுய்யா, எங்க எம்புள்ள?”

உள்ளறைக் கதவு திறந்தது. ஆனந்தகுமாரின் கடைப் பெயர் போட்ட பனியனும் தோளில் ஒயர்ச் சுருளுமாக, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மருதுபாண்டி வந்து நின்றான்.

“கனடா இம்புட்டுக் கிட்டயாடா இருக்கு?” என்றார் கோட்டைச்சாமி, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “வா, ஆத்தா சோத்த வச்சுக்கிட்டுக் காத்துக் கெடக்கா.”