ச என்ற எழுத்து

முதல் எழுத்து விழுந்தது.

ச.

அறையில் இருந்த மூவரும் திரையைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். அவளைத் தலையணைகளுக்கு நடுவே சாய்த்து உட்கார்த்தியிருந்தார்கள். தலையில் கம்பிகள் தொங்கும் துணித்தொப்பி.

மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்ட அன்றே கை, கால், நாக்கு எல்லாம் நின்றுவிட்டன. பதினான்கு மாதம் ஆகிறது. சிமிட்டிப் பதில் சொல்லிக்கொண்டிருந்த இமைகளும் தை மாதத்தோடு சொன்னபடி கேட்பதில்லை.

அறிவு அப்படியே இருந்தது.

திரையில் எழுத்துகள் மாறி மாறி மின்னும். அவள் நினைத்த எழுத்து மின்னும்போது மூளை லேசாகத் துள்ளும். தொப்பி அதைப் பிடித்துக்கொள்ளும். ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகும் ஓர் எழுத்துக்கு ஒரு நிமிடம்.

ச-வுக்குப் பக்கத்தில் கணினி தானாக ஒரு சொல்லை முடித்துக் காட்டியது.

சம்மதம்.

"வந்துட்டு சார்," என்றார் கணவர் ஆவுடையப்பன். "சம்மதம்னு சொல்லிட்டா."

அவளுடைய அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி பேனாவைத் திறந்தார். மடியில் விருப்ப ஓய்வுப் படிவம். பூர்த்தி செய்தவர் ஆவுடையப்பன்தான். இனியாவது அவள் நிம்மதியாகப் படுத்திருக்கட்டும் என்று நினைத்தார்.

கருவியை இயக்கிய பொறியாளர் பர்வீன் கைகாட்டித் தடுத்தார்.

"சார், அது கம்ப்யூட்டரோட யூகம். அவங்க இன்னும் அதை எடுக்கல."

எழுத்துகள் மறுபடி மின்னின.

ட்.

சம்மதம் மறைந்தது.

அவள் நெற்றியில் வியர்வை அரும்பியது.

ட. ம்.

சட்டம்.

அவள் நிறுத்தவில்லை. காப்பி ஆறிப்போனது. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

சட்டம் பிரிவு 20.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், பணியில் இருக்கும்போது உடல் முடங்கிப்போன அரசு ஊழியரை வேலையிலிருந்து அனுப்பக் கூடாது என்கிற பிரிவு. பதினாறு வருடம் தாலுகா அலுவலகத்தில் ஊழியர் கோப்புகளைப் பார்த்தவள் அவள். விபத்தில் காலை இழந்த ஜீப் டிரைவருக்காக அந்தப் பிரிவைக் குறிப்பில் எழுதி, இதே அதிகாரியிடம்தான் கையெழுத்து வாங்கியிருந்தாள்.

அதிகாரியின் காது மடல்கள் சிவந்தன.

"யாரும் அனுப்பலியே மேடம். இது விருப்ப ஓய்வுதானே?"

அவள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டாள். நேரம் பிடித்தது. காத்திருந்தார்கள்.

விருப்பமில்லை.

ஆவுடையப்பன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். படிவத்தை நிரப்பும்போது அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று இப்போதுதான் தோன்றியது.

"சரி, அப்ப எப்ப வேலைக்கு வருவாங்க?" அதிகாரி அவரைப் பார்த்துத்தான் கேட்டார். குரலில் எரிச்சல்.

ஆவுடையப்பன் பர்வீனைப் பார்த்தார்.

"ரொம்பக் களைச்சிட்டாங்க. இன்னிக்குப் போதும்," என்று பர்வீன் கருவியை அணைக்கக் கை நீட்டினார்.

தி.

பர்வீன் கையை இழுத்துக்கொண்டார்.

ங். க. ள்.

திங்கள்.

அன்று வெள்ளிக்கிழமை.

அதிகாரி பேனாவை மூடினார். படிவத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்டது.

ஆவுடையப்பன் கட்டிலருகே வந்து நின்றார். இமைகள் ஓய்ந்த பிறகு அவர் அவளிடம் எதையும் கேட்டதில்லை. சோறா கஞ்சியா, ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா, எல்லாம் அவர் முடிவுதான்.

தொண்டையைச் செருமினார்.

"ஏ பிரமு, திங்கக்கிழமைக்கு எந்தச் சேலையை எடுத்து வைக்கட்டும்?"

கேட்டுவிட்டு, நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.