காய்ந்த பிளக்

ஹவாசு ஏரியின் படகுத்துறையில் காலை வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்கிறது. மார்லா படகின் பின்மூடியைத் திறந்து, பிரித்துப் புதிதாகக் கட்டிய பெரிய எஞ்சின்மேல் குனிந்திருக்கிறாள். அது மெல்ல ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் தம்பி டுவைட் எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான பழைய கேம்ஷாஃப்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருக்கிறான். அக்கா தேர்ந்தெடுத்துப் போட்ட புதியது சரிப்படாவிட்டால் இதையே திரும்பப் போடுவதாகப் பேச்சு. பழையதில் நின்ற இடத்திலேயே எஞ்சின் உறுமும், துறையே திரும்பிப் பார்க்கும். ஆனால் அது வால்வுகளை நெடுநேரம் திறந்தே வைத்து, புகைக்குழாய் வழியாக ஏரித் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். போன பந்தயத்தில் எஞ்சின் செத்தது அப்படித்தான். “தையல் மெஷின் மாதிரி ஓடுதுக்கா. மானமே போகுது” என்கிறான். “சத்தத்துக்கா கோப்பை குடுக்கிறாங்க? வாய மூடிட்டு உக்காரு.” எஞ்சினை அணைத்து, ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அவன் டோனட் சுற்றி வந்த வெள்ளைக் காகிதத்தில் அழுத்தித் துடைக்கிறாள். டுவைட் காகிதத்தைப் பிடுங்கி வெயிலில் தூக்கிப் பார்க்கிறான். பழுப்பாக ஒரு கோடு. பொட்டு ஈரம் இல்லை; ஏரித் தண்ணீர் உள்ளே ஏறவில்லை. மறுபக்கமும் திருப்பிப் பார்க்கிறான். பிறகு துண்டு மூட்டையைக் காலால் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, “சரி, ஓட்டு” என்கிறான். பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு மார்லா படகைச் சத்தமில்லாமல் வெளியே எடுக்கிறாள். காபியோடு நிற்பவர்கள் யாரும் கவனிக்கவில்லை. கடைசி மிதவையைத் தாண்டியதும் விசையை முழுதாகத் தள்ளுகிறாள். அந்த முழக்கத்துக்குத் துறை மொத்தமும் திரும்புகிறது; அவர்கள் பார்த்த இடத்தில் வெள்ளை நுரை மட்டும் கொதிக்கிறது.