காலி அலை

இரைச்சல் நின்றுபோனது.

பிரகாசி மைக்கைக் கீழே வைத்தாள். வாய்வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டாள்.

வயர்லெஸ்ஸில் இரைச்சல் கேட்டால் சேனல் காலி என்று பொருள். கேட்காவிட்டால் கடலில் எவனோ மைக் பொத்தானை அமுக்கியிருக்கிறான். அமுக்கினால் போதும், அலை கிளம்பிவிடும். பேச்சை ஏற்றினால் பேச்சைச் சுமந்து வரும். ஏற்றாவிட்டால் வெறுமனே வரும், தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் காலி லாரி மாதிரி. அடுத்தவருக்கு வழி கிடைக்காது, அமுக்கியவனுக்கும் எதுவும் கேட்காது.

மீனவர் சங்கத்தின் கரை அறையில் வேலைக்குச் சேர்ந்ததும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது.

கையில் இருந்த போனில் எச்சரிக்கை வந்து கிடந்தது. சாயங்காலத்துக்குள் சூறைக்காற்று. படகுகள் உடனே கரை திரும்ப வேண்டும்.

போன் எட்டாத தூரத்தில் ஊர்ப் படகுகள் அத்தனையும் இந்த ஒரு சேனலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன.

வேறு சேனலில் கூப்பிட்டுப் பார்த்தாள். ஈ காக்கை இல்லை.

பழைய சேனலுக்குத் திரும்பினாள்.

ஒரு இருமல் கேட்டது.

தினமும் அவள் தலையணைக்குப் பக்கத்தில் கேட்கிற இருமல்.

ததேயுஸ்.

வேறு யாராக இருக்கும்? வாயைத் திறந்தால் அவள் புருஷன் அடுத்தவரைப் பேச விடமாட்டான். வீட்டிலும் அப்படித்தான், கடலிலும் அப்படித்தான். பொத்தானை அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் வலிக்கிறதாம் துரைக்கு. அதற்கு வழி கண்டுபிடித்து, கிளம்புகிற அன்று அவள் தலையிலிருந்த ரப்பர் பேண்டை உருவிக்கொண்டு போனான். பொத்தான்மேல் மாட்டிவிட்டால் இரண்டு கையும் சும்மா இருக்குமாம். வலையைப் பிரித்துக்கொண்டே பேசலாமாம்.

பேசி முடித்ததும் கழற்றிவிடச் சொல்லித்தான் அனுப்பினாள். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

பேண்டாவது மட்டமானதா என்றால் அதுவும் இல்லை. கடையில் இழுத்து இழுத்துப் பார்த்து அவளே வாங்கியது. லேசில் அறாது.

பொத்தானை அமுக்கிக் கத்தினாள். போய்ச் சேராது என்று தெரியும். ஊதுகிற சங்கை ஊதத்தானே வேண்டும். காற்று என்று கத்தினாள். திரும்புங்க என்று கத்தினாள். பாவி என்று கத்தினாள்.

விரலை எடுத்ததும் அவன் குரல் வந்தது. மைக்கைவிட்டு எட்ட நின்று, கூட வந்தவன் எவனிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

"பிரகாசி ஒண்ணும் சொல்லல்லியே. காத்துன்னா அவ நம்மள சும்ம விடுவாளா? நீ வலைய இறக்குலே."

மிதவைகள் படகின் விளிம்பில் தட்டித் தட்டிக் கடலுக்குள் இறங்கும் சத்தம் கேட்டது.

அவளுக்கு அழுகை வந்தது.

ஜன்னல் வழியே வந்த காற்றில் அறைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. முடிந்து வைத்திருந்த கொண்டை அவிழ்ந்து முகத்தில் அடித்தது.

ஒதுக்கிவிட்டு மைக்கை எடுத்தாள்.

மறுபடி அடித்தது.