கால் இன்ச்

"மாப்ளே, வாலைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு அளந்து பாரேன்."

லோவெல் இழுத்துப் பிடித்தும் பார்த்தார். அளவுப் பலகையில் மீன் நீளவில்லை.

"பதினாலே முக்கால் இன்ச். இந்த ஏரியில பதினஞ்சுக்குக் குறைஞ்சா திருப்பி விட்டுடணும், மாமா."

"கால் இன்ச்தானேப்பா. உன் மாமியார் வாணலியை அடுப்புல வச்சுட்டுக் காத்துட்டிருக்கா."

"அவங்களுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

மொன்டானாவில் மீன்பிடி சீசனின் முதல் நாள். படகுத்துறையில் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. மாநில மீன்வளத்துறையின் வட்டார மேலாளர் லோவெல் ஹாகன், சொந்த மாமனாரின் டிரவுட் மீனைத் தன் கையாலேயே ஏரியில் விட்டார். மீன்கூட நம்ப முடியாமல் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனதாம்.

"இவனுக்கு நெஞ்சுக்குள்ள இருக்கறது இதயம் இல்ல, ஸ்கேல்," என்றான் தூண்டில் கடை டுவேன்.

வீட்டிலும் தண்டனை தயாராக இருந்தது. மனைவி ஜனெல் அன்றிலிருந்து அவருக்காக அடுப்பைப் பற்றவைக்கவில்லை. மூன்று வாரமாக மூன்று வேளையும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சாண்ட்விச்.

"எங்கப்பாவுக்குக் கால் இன்ச் விட்டுக்கொடுக்க மனசு வரல இல்ல? சுடுசோறு மட்டும் எங்கிட்ட கேக்காதே."

லோவெல் கேட்கவில்லை. விதி என்றால் அவருக்குப் புரியும்.

நாலாவது வாரம் மாமனார் எல்மருக்கு எண்பதாவது பிறந்தநாள். தீயணைப்பு நிலைய ஹாலில் விருந்து.

எல்மரைத் தெரியாதவர் அந்த ஊரில் கிடையாது. அவருடைய மீனையும்தான். முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் தனியாகப் போய் முப்பது இன்ச் டிரவுட் பிடித்ததாகச் சொல்வார். கூட யாரும் இல்லை. போட்டோவும் இல்லை, கேமராவில் பிலிம் தீர்ந்துவிட்டதாம். அதனால் அந்த ஊரில் யார் புளுகினாலும், "என்ன, எல்மர் மீனா?" என்றுதான் கேட்பார்கள்.

அன்று சியாட்டிலிலிருந்து பேத்திகள் நாலு பேரும் வந்திருந்தார்கள். எல்மர் உற்சாகமாகக் கைகளை அகல விரித்துக் கதையை ஆரம்பிக்க, டுவேன் எழுந்தான்.

"பெரியவரே, இன்னிக்கு இதை முடிச்சுடலாம். அந்த மீன்ல டிபார்ட்மென்ட்காரங்க அடையாளத்துக்குப் போடற நம்பர் டேக் மாட்டியிருந்துது, ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்னு சொல்வீங்கல்ல? அப்ப அங்க அளந்து எழுதின அட்டை இருக்கணுமே. யோவ் லோவெல், போய் எடுத்துட்டு வாய்யா. உனக்குத்தான் பொய்யே வராதே."

எல்மரின் கைகள் விரித்தது விரித்தபடி நின்றன. முகம் வெளுத்துவிட்டது. பேத்திகள் எதிரிலா இது நடக்க வேண்டும்?

"அந்தக் காலத்து அட்டையெல்லாம் இப்ப எங்க இருக்கப் போகுது," என்றார் மெதுவாக.

"கீழ்த்தள பீரோவுல வருஷ வரிசையா இருக்கு," என்றார் லோவெல். இப்படியும் ஒரு மனிதன்.

"முப்பது இன்ச்னு மட்டும் இருக்கட்டும், என் கடைப் பொடி மீன்ல ஒண்ணை உயிரோட முழுங்கறேன்," என்றான் டுவேன்.

இருபது நிமிடத்தில் லோவெல் பழுப்பேறிய ஒரு அட்டையோடு திரும்பி வந்தார். எல்மர் கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது.

லோவெல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"டேக் நம்பர் நாலு நாலு ஒண்ணு ஏழு. டிரவுட். பிடிச்சவர் எல்மர் டோலப்சன்." தொண்டையைச் செருமினார். "நீளம், முப்பது இன்ச்."

ஹால் அதிர்ந்தது. பேத்திகள் நாலு பேரும் தாத்தாவைக் கட்டிக்கொண்டார்கள்.

"எங்க, அதை இப்படிக் கொடு," என்று கை நீட்டினான் டுவேன்.

"அரசாங்க ரெக்கார்டு. கண்டவங்க கையில தர முடியாது. திங்கக்கிழமை காலையில அதே இடத்துல திருப்பி வைக்கணும்." அட்டை லோவெலின் சட்டைப் பைக்குள் போயிற்று.

டுவேன் கண்ணை மூடிக்கொண்டு பொடி மீனை விழுங்கினான். இரண்டு கிளாஸ் பியர் உள்ளே போன பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது.

எல்மர் லோவெலின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. கண்ணெல்லாம் தண்ணீர். கொஞ்சம் தெளிந்ததும் சொன்னார்:

"எனக்கென்னவோ முப்பத்தரைன்னு ஞாபகம்."

"முப்பதுதான், மாமா. அதுக்கு மேல கால் இன்ச்கூடக் கூட்ட முடியாது."

"இந்த ஆள் திருந்தவே மாட்டான்," என்றது ஊர்.

மறுநாள் காலை. லோவெல் வழக்கம்போல ஃபிரிட்ஜைத் திறந்து சாண்ட்விச்சை எடுத்தார். துவைக்கத் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்த ஜனெலின் கையில், சட்டைப் பையிலிருந்த அட்டை அகப்பட்டது.

'டேக் 4417. டிரவுட். எல்மர் டோலப்சன். நீளம்: பத்தொன்பதரை இன்ச்.'

இரண்டு முறை படித்தாள். முப்பதுக்குப் பத்தரை இன்ச் குறைச்சல். விரல் விட்டு எண்ணியும் பார்த்துவிட்டாள்.

"லோவெல், அந்த சாண்ட்விச்சைக் கீழ வை. மான்கறி ஸ்டூ இருக்கு, சூடு பண்ணித் தரேன்."

சொல்லிவிட்டு, அட்டையை மறுபடியும் அதே பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டி, சட்டையை வாஷிங் மெஷினில் திணித்து, வெந்நீரில் நன்றாக ஊறும்படி வைத்தாள்.