கைகாட்டி மரம்

மரக்காணம் உப்பளத்தின் கடலோர வரப்பில், பழைய ரயில் கைகாட்டியின் சிவப்புக் கை கிடையாக நீண்டு நிற்கிறது. சுனாமிக்குப் பிறகு நட்டது. கை தாழ்ந்திருந்தால் வேலை பார்க்கலாம்; நீண்டால் ஓட வேண்டும். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் மேட்டுச் சாலைக்கு ஓடி வந்துவிட்டார்கள். வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூச வைக்கின்றன. கடல் எப்போதும் போலத்தான் இரைகிறது. “அலை ஒண்ணும் காணமே. கயிறு இத்துப்போயி அறுந்திருக்கும்” என்கிறாள் அஞ்சலாட்சி, காலில் ஒட்டிய உப்பைத் தட்டியபடி.

சகுந்தலா கம்பத்தையே பார்க்கிறாள். அதனடியில் தினமும் கயிற்றை இழுத்துப் பிடித்து உட்கார்ந்திருப்பவர் அவள் புருஷன் தணிகாசலம். ரயில்வேயில் இருந்தவர். கயிறு அறுந்தாலும், பிடி விட்டாலும் கை தானாகவே நீளும்படி எடைக்கல் மாட்டியிருக்கிறார். “கயித்தக் கட்டிப் போட மாட்டேன். எனக்கு ஒண்ணு ஆனாலும் நீங்க தப்பிக்கணும்” என்பார். கயிறு அறுந்திருந்தால் கத்திக்கொண்டே வந்திருப்பார். அலை என்றாலும் ஓடி வந்திருப்பார். கம்பத்தில் மாட்டிய அவருடைய துண்டு மட்டும் காற்றில் அசைகிறது.

“ஏய், எங்கடி போற? கை இன்னும் நீட்டிக்கினு இருக்குது!”

சகுந்தலா அந்தச் சிவப்பை நோக்கித்தான் ஓடுகிறாள்.