மருந்தா, போதையா?

"எங்கப்பாவுக்குப் போதை ஏத்தி வச்சிருக்கா, டாக்டர். நீங்களே பாருங்க."

போதை ஒழிப்புப் பேச்சாளர் கட்டிலைக் காட்டினார். அப்பா வாயைப் பிளந்தபடி கிடந்தார். கடைவாயில் வழிந்த எச்சில் தலையணையை நனைத்திருந்தது. கால்மாட்டில், அவரைப் பார்த்துக்கொள்ள அமர்த்தியிருந்த நர்ஸ் குற்றவாளி மாதிரி நின்றாள்.

டாக்டரம்மா மேஜையிலிருந்த பாட்டிலை எடுத்து முகர்ந்தார். "இது நான் எழுதிக் கொடுத்த இருமல் மருந்துதானே?"

"பாட்டில் உங்களுது. உள்ளே இருக்கிறது யாருதுன்னு யாருக்குத் தெரியும்?"

"சரி, போதைன்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போலப் பேச்சாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பள்ளிக்கூடம், காலேஜ், தொழிற்சாலை என்று அவர் ஏறாத மேடை இல்லை.

"போதைன்னா சாராயமும் கஞ்சாவும் மட்டும்னு ஜனங்க நினைக்கிறாங்க. தப்பு. புத்தியை மழுங்கடிக்கிற எதுவும் போதைதான். கண்ணு சொருகும், கை கால் துவளும், கேட்டதுக்குப் பதில் வராது. தினமும் சாயங்காலம் வந்ததும் இவர் பக்கத்துலதான் உக்கார்றேன். நாட்டு நடப்பு, என் கூட்டத்துக்கு வந்த கைத்தட்டல், எல்லாம் விலாவாரியாச் சொல்றேன். நாலு வாக்கியம் தாண்டறதுக்குள்ள தலை தொங்கிடுது."

"நான் குடுக்கிறது மருந்துதாங்க" என்றாள் நர்ஸ்.

"போதைக்கும் அதே பேர்தான். போதை மருந்துன்னு சொல்றோமில்ல?"

தன் சாமர்த்தியம் அவருக்கே பிடித்துப்போய் லேசாகச் சிரித்துக்கொண்டார். சம்பளத்துக்குப் பீத்துணி அலசுகிறவளுக்கு இந்த நயமெல்லாம் எங்கே புரியப்போகிறது?

"பகல்ல எப்படி இருக்கார்?" டாக்டரம்மா நர்ஸைப் பார்த்துக் கேட்டார்.

"பகல்ல நல்லா இருக்காருங்க. பேப்பர் படிப்பாரு. சீட்டு ஆடுவோம். கள்ளாட்டம் ஆடி என்னை ஜெயிச்சுடுவாரு."

"கேட்டுக்குங்க டாக்டர். நான் இல்லாதப்போ தெளிவா இருக்காராம். நான் வர்ற நேரம் பார்த்து ஊத்திடறா. வாயைத் திறந்தா இவ பண்ற அக்கிரமமெல்லாம் மகன்கிட்ட சொல்லிடுவாருன்னு பயம்."

நர்ஸ் ஏதோ சொல்ல வந்தாள். கட்டிலை ஒருதரம் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பேச்சாளருக்கு அது போதும். "பாருங்க அந்தத் திருட்டு முழியை. இவளை அனுப்பின ஏஜென்சிக்காரனுக்குச் சொல்லியாச்சு. இனிமே இந்த ஊர்ல ஒரு வீட்டு வாசப்படியைக்கூட இவ மிதிக்க முடியாது. போலீஸும் வந்துட்டிருக்கு."

நர்ஸ் கையெடுத்துக் கும்பிட்டாள். "இப்பவே வேலையை விட்டுப் போயிடறேன் சார். போலீஸ் மட்டும் வேண்டாம். என் பொண்ணுக்குக் கல்யாணம் பேசிட்டிருக்கோம்."

"அதை ஊத்தறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும். உன்னை மாதிரி ஆளுங்களாலதான் இந்தச் சமுதாயம்..."

அவர் சமுதாயத்தைப் பிடித்துக்கொண்டார். அதைச் சீக்கிரம் விடுவதாக இல்லை. டாக்டரம்மா குனிந்து நாடியைப் பார்த்தார். சீராக ஓடியது. விரலால் கண் இமையைத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. கொஞ்சம் அழுத்தினார். இமை இன்னும் இறுகிக்கொண்டது.

"சார், ஒரு நிமிஷம் பேசாம இருக்கீங்களா?" என்றார் நிமிர்ந்து.

பேச்சாளருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நிறுத்தினார். வாசலில் யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"போலீஸ்தான்" என்று அவர் எழுந்தார். "நானே கூட்டிட்டு வர்றேன்."

"உக்காருடா" என்றது கட்டிலிலிருந்து ஒரு தெளிவான குரல். "அவ எனக்கு ஒண்ணும் ஊத்தலை. நீ பேச ஆரம்பிச்சா கண்ணைச் சொருகிக்கிற வித்தையை, உங்கம்மாதான் சாகறதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போனா."