முழுப் பேரும் ஊரும்

மலையூரான தானா ராத்தாவில், ஒரு கைப்பேசிக் கடைக்கு வந்த பெரியவர், குளிர்த்தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“ஒரு ஆளப் பத்தி இண்டர்நெட்டுல தேடணும்மா. கல்யாண விசயம்லா. பேரு ஜெகதீஸ்வரன் சின்னையா, டீ எஸ்டேட்டுல கங்காணி.”

கடையில் வேலை பார்க்கும் வாசுகி தட்டிப் பார்த்தாள். “இந்தப் பேருல ஆயிரம் பேரு வர்றாங்க அங்கிள். கூடவே ஊர் பேரும் போட்டாத்தான் சரியான ஆளு கிடைப்பாரு.”

பெரியவர் தயங்கினார். “ரிங்லெட்.”

இந்த முறை ஒரே ஒரு வீடியோ வந்தது. கியா பார்ம் சந்தையில், ருசி பார்க்கிறேன் என்று கடைகடையாக ஸ்ட்ராபெரி தின்ற மீசைக்காரர் ஒருவரை, பழக்காரம்மா குடையை ஓங்கிக்கொண்டு விரட்டினாள். கீழே முழுப் பேரும் ஊரும் போட்டிருந்தது. நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

“இந்த மாதிரி ஆளோட சம்பந்தமே வேணாம் அங்கிள்.”

“பொண்ணு வீட்டுலயும் அப்படித்தான் சொல்லுவாங்க” என்ற பெரியவர், அன்று காலைதான் மழித்த மேலுதட்டைத் தடவினார். “ஊர் பேரு போடலன்னா இது வராதுல்ல?”

“வராது.”

“அப்ப என் மகனுக்குப் பொண்ணு கேட்டுப் போறப்ப, நமக்கு ஊரு கம்போங் ராஜான்னு சொல்லிடறேன்.”